பேர் சொல்லாத ஒப்பாரி

என் தங்கை தனுஜா வெளிநாட்டில் உள்ள தூதரகத்துக்குப் பயிற்சிக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேனர் கட்டினார்கள். மஸ்கெலியா டவுனில் ஆட்டோ ஓட்டும் நான்தான் கம்பத்தில் ஏறிக் கட்டினேன். அதில் தொழிற்சங்கத் தலைவர் படம் பெரியது, தங்கை படம் தீப்பெட்டி அளவு. கொழும்பில் சர்வதேச உறவுகள் படிக்கிறவள், பல்கலைக்கழக விடுமுறையில் வளைகுடா நாடொன்றில் உள்ள நம் நாட்டுத் தூதரகத்தில் வேலை பழகப் போகிறாள். தூதருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்றே லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. எனக்கும் தலைகால் புரியவில்லை, பொய் சொல்வானேன்.

அவளை உட்கார வைத்தது தொழிலாளர் பிரிவில். அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. வீட்டு வேலைக்குப் போய் அடி தாங்காமல் ஓடி வந்த பெண்கள் தங்கும் கூடம் ஒன்று கட்டடத்தின் பின்னால் இருந்தது. பாதிக் குரல் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துக் குரல். அவர்கள் சொல்வதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டும். யாராவது இறந்துபோனால் ஊருக்குப் போன் பண்ணிச் சொல்வதும் அவள் வேலைதான்.

எங்கள் பக்கம் சாவுச் செய்தியை நேரே வீட்டுக்குச் சொல்கிற வழக்கம் இல்லை. தோட்டத்துத் தலைவருக்குச் சொல்வார்கள், அவர் நாலு பேரோடு போய்ப் பக்குவமாகச் சொல்வார். தனுஜாவும் அப்படியே செய்துவந்தாள். பிரியந்தி விஷயத்தில் மட்டும் தலைவர் நம்பர் கிடைக்கவில்லை. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். பாஸ்போர்ட்டில் வயது இருபத்து மூன்று. மாரடைப்பு என்று எழுதியிருந்தது. அந்த நாட்டில் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நெஞ்சு எப்படித்தான் இப்படி அடிக்கடி நின்றுபோகிறதோ.

வேறு வழியில்லாமல் வீட்டு நம்பருக்கே எடுத்தாள். ஒரு பெண் பேசினாள். இது பிரியந்தியின் வீடா, பெரியவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று தங்கை கேட்டாள்.

"பிரியந்திதான் பேசுறேன். நீங்க யாருங்க?"

தனுஜா கையிலிருந்த பாஸ்போர்ட்டை மறுபடியும் விரித்துப் பார்த்தாளாம். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. இறந்தவள் பிரியந்தியின் அக்கா ஷாமிலா. சின்னப் பிள்ளைக்காரியை வெளிநாட்டு வேலைக்கு விடமாட்டார்கள் என்பதால், கல்யாணமாகாத தங்கையின் அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொல்லி ஏஜென்சிக்காரன் வழி காட்டியிருக்கிறான். இருவருக்கும் முகச்சாடை ஒன்று. சீலை, செருப்பு மாதிரி இதையும் எங்கள் பக்கம் அக்கா தங்கைக்குள் இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் வாங்குகிறார்கள்.

யாருடைய விஷயம் என்று சொல்லாமல், இப்படியொரு சிக்கல் வந்தால் என்ன ஆகும் என்று தனுஜா தன் அதிகாரியிடம் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. புரிந்துகொண்டு, புரியாதவர் போலவே பதில் சொன்னார். ஆள் மாறாட்டம் என்று வந்தால் இரண்டு நாட்டுப் பொலிசும் விசாரிக்கும், அதுவரை உடல் குளிர் அறையில் கிடக்கும், கடைசியில் அங்கேயே புதைத்தாலும் புதைத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் என்றால் சீக்கிரமே அனுப்பிவிடலாம். ஆனால் ஊரில் உயிரோடு இருக்கிற பிரியந்தி அன்றோடு செத்தவளாகிவிடுவாள்.

இதையெல்லாம் தனுஜா மறுபடியும் பிரியந்திக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அவசரப்படாமல் யோசிக்கச் சொன்னாள்.

"யோசிக்க என்னா இருக்கு மிஸ்? எங்க அக்காவ அந்த ஊருல போட்றாதீங்க. என் பேருலயே அனுப்பிருங்க."

கண் முன்னால் நிற்கிற இளைய மகள் இறந்துவிட்டாள் என்று அப்பா செல்லசாமி கையெழுத்து வைத்தார். பெட்டி வந்தது, தப்பு அடித்தார்கள். உள்ளே இருப்பது யார் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்க ஆளான கிராம சேவகர் வாசலிலேயே நின்றதால் பெண்கள் பேர் சொல்லாமல் ஒப்பாரி வைத்தார்கள். தாயே என்றார்கள், ராசாத்தி என்றார்கள். பெட்டியில் ஒட்டியிருந்த பெயருக்குரியவள் அடுப்படியில் நின்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி முடிந்து தனுஜா வந்தபோது பேனர் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. மறுநாளே பூண்டுலோயாவுக்குப் போக வேண்டும் என்றாள். வேண்டாம், போய் என்ன சொல்லப்போகிறாய் என்று சத்தம் போட்டேன். கேட்கவில்லை. கடைசியில் நான்தான் ஆட்டோவில் கூட்டிப் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது கொழுந்து நிறுக்கும் நேரம். செத்தவளுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்பதால் அக்காவின் அடையாள அட்டையைக் காட்டிப் புதிதாகப் பதிந்திருந்தாள் பிரியந்தி. அந்த அட்டைப்படி அவள் அக்காள் புருஷனின் பெண்டாட்டி. அவளை முன்பே நிரஞ்சன் என்ற பையனுக்குப் பேசிவைத்திருந்தார்கள். கல்யாணத்தைப் பதிய முடியாது என்று தெரிந்ததும் அவன் வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள்.

கணக்கப்பிள்ளை "ஷாமிலா" என்று கூப்பிட்டார். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்து மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி, தன் அம்மா பேர் கேட்டதும் தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்தாள். தினமும் இப்படித்தான் பார்ப்பாளாம். பிரியந்தி போய்க் கொழுந்தை நிறுத்துவிட்டு எங்களிடம் வந்தாள்.

தனுஜா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. பிரியந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க மிஸ். எல்லாரும் அக்கா பேரத்தான் கூப்புடுறாங்க. அன்னைக்குப் போன்ல நீங்கதான் கடைசியா என் பேரச் சொல்லிக் கேட்டீங்க. இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

தனுஜா சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், தராசுக்குப் பக்கத்தில் தோட்டத்து ஆபீஸ் ஆள் நின்றுகொண்டிருந்தார்.