கண் வரையாத பேய்கள்

ஹலோவீன் அலங்காரத்துக்குக் கடையில் காசைக் கொட்ட மனமில்லை. கணவரின் பழைய வேட்டியைக் கிழித்து, வாசலில் இருந்து வீதி வரைக்கும் கயிற்றில் குட்டிப் பேய்களாகத் தொங்கவிட்டேன். கண்ணும் வாயும் பிறகு வரையலாம் என்று விட்டதுதான் பிழை.

காலையில் முன்வீட்டு அன்ரி வந்தார். வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"ஏன் பிள்ளை எங்களுக்குச் சொல்லேல்லை? வீதி வரைக்கும் செத்தவீட்டு வெள்ளை கட்டியிருக்கிறதைப் பாத்துத்தானே ஓடி வாறன்! மாமி எப்ப மோசம் போனவா? எப்ப எடுக்கிறியள்?"

நான் வாய் திறப்பதற்குள் என் மாமியாரே கதவைத் திறந்து, "ஆரது?" என்றார்.

அன்ரி வீரிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

விசயம் விளங்கியதும் மாமி கேட்டது ஒன்றுதான்.

"எனக்கெண்டு அழுதவளோ?"

"இல்லை மாமி, அழ முதல் நீங்கள் வந்திட்டியள்."

மாமிக்கு முகம் விழுந்துவிட்டது.

அன்ரி ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாராம். பக்கத்து நகரமான ஸ்ரௌவ்வில்லில் இருந்து துக்கம் விசாரிக்க இரண்டு கார் புறப்பட்டுவிட்டது.

மாமி வெள்ளைச் சேலை ஒன்றைத் தேடிக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறார். "அவையள் அழுது முடியட்டும், பிறகு வாறன்" என்கிறார்.

சொல்லுங்கள், நான் பேய்களுக்குக் கண் வரைவதா, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போடுவதா?