தூணுக்குப் பின்னால் கெம்பம்மா

கலாசிபாளையத்தில் பஸ் நின்றதும் கெம்பம்மா உடனே இறங்கிவிட மாட்டாள். அவரைக்காய் மூட்டையின்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தன்னோடு வந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கிவிடுவாள். யார் பெயரையும் சொல்ல மாட்டாள். "முண்டாசு எறங்கு. செவப்புச் சேல, நீ எறங்கு. ஏ மூக்குத்தி, வாயப் பொளந்துகிட்டு அங்க என்னா பாக்கற?" கடைசியாகத் தான் இறங்கி, இடுப்புச் செருகலை இறுக்கிக்கொண்டு நடையைக் கட்டுவாள்.

ஜூஜுவாடியில் பஸ் ஏறிப் பெங்களூரை முதன்முதலாகப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அவளோடுதான் வருவார்கள். கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. தெருவில் மின்சார விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும் என்று வருகிறவர்களும் உண்டு. கெம்பம்மா இதற்குக் கூலி வாங்குவதில்லை. ஆளுக்கொரு அவரைக்காய் மூட்டையை மார்க்கெட் வரைக்கும் சுமந்து கொடுத்தால் சரி. கூலியே வாங்காத புண்ணியவதி என்று ஊரில் அவளைப் பற்றிப் பேசிக்கொள்வதை அவள் மறுப்பதும் இல்லை.

எழுத்துக்கும் அவளுக்கும் எந்தப் போக்குவரத்தும் கிடையாது. தமிழ்ப் பலகையும் கன்னடப் பலகையும் அவளுக்கு ஒன்றுதான். தெருப் பெயரும் தெரியாது. "பேரெல்லாம் எனுக்கு வாணாம்மே. மூக்கு இருக்குதா, காது இருக்குதா? அது போதும்," என்பாள். ஜட்கா குதிரைகளின் லத்தி நாறும் இடத்தில் சோற்றுக்கைப் பக்கம் திரும்ப வேண்டும். பாத்திரம் தட்டும் சத்தம் வரும். அதை முதுகுக்குப் பின்னால் விட வேண்டும். காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை மூக்கைத் துளைத்தால் பாதித் தூரம் வந்தாயிற்று. அப்புறம் பூ வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் மார்க்கெட் வாசல். இதுதான் அவள் பெங்களூர். கண்டோன்மெண்ட் பக்கம் ஒருமுறை போய் அரைநாள் சுற்றிச் சுற்றி வந்ததிலிருந்து, அது வேறு ஊர் என்று தீர்மானித்துவிட்டாள்.

வழி கேட்பதற்கும் அவளிடம் ஒரு முறை இருக்கிறது. நடந்து போகிறவர்களைக் கேட்கக் கூடாது. அவர்களும் நம்மைப்போல வந்தவர்களாக இருப்பார்கள். உட்கார்ந்து விற்கிறவர்களைக் கேட்க வேண்டும். தமிழில் ஆரம்பித்து, எதிராளியின் முகத்தைப் பார்த்துத் தெலுங்குக்குத் தாவி, கன்னடத்தில் முடிப்பாள். யாரும் அவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

எல்லாம் காட்டி முடித்த பிறகு ஒரு சோதனை வைப்பாள். காப்பிக்கொட்டைக் கடையில் ஆளை நிறுத்திவிட்டு, "நீயா மார்க்கெட் வாசலுக்கு வா," என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விடுவாள். வாசல் தூணுக்குப் பின்னால் வெற்றிலையை மென்றபடி ஒளிந்து நிற்பாள். வந்து சேர்ந்த ஆள் இங்கும் அங்கும் பார்த்து முகம் வாடும்போதுதான் வெளியே வருவாள். "பாத்தியா, நீயா வந்துட்ட. இனி இது உன் ஊரு."

இப்படி ஊரையே கூட்டிக்கொண்டு போனவளால் ஒரே ஓர் ஆளை மட்டும் பஸ் ஏற்ற முடியவில்லை. அவள் புருஷன் கங்கப்பன். ஊர்க் கவுண்டர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவன். மாட்டை யார் பார்ப்பது என்பான். மாடு இல்லாத நாளில் வேறு ஏதாவது சொல்வான். ஆனால் அவள் திரும்பி வந்ததும் அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் கேட்டாக வேண்டும் அவனுக்கு. அவரைக்காய்த் தோலில் பிசுக்காக ஒட்டும் அந்த வாசனையை அந்தப் பக்கத்தில் சொகடு என்பார்கள். மார்கழி மாதத்தில் அவள் கையை எத்தனை கழுவினாலும் அது போகாது. "நீ வாசப்படி மிதிக்கறதுக்கு மின்னயே உன் கை வாசன வந்துருது," என்று கேலி செய்வான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் கொல்லையில் சாக்குப் போர்த்தியிருந்த கம்பத்தைப் பக்கத்து வீட்டு ஆள் என்று நினைத்து, "யாரு, ராமப்பனா?" என்று கேட்டான். கெம்பம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவன் பதிலுக்குக் காத்து நிற்பதைக் கண்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. கண் மங்கியதை எத்தனை நாளாக மறைத்து வைத்திருந்தானோ.

கண்ணாஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப்போன அன்று யாரையும் துணைக்குச் சேர்க்கவில்லை. சோதனையும் வைக்கவில்லை. தன் முந்தானையை அவன் துண்டோடு முடிந்துகொண்டு நடந்தாள். ஜட்கா நிறுத்தத்தில் அவளுக்கு முன்பே கங்கப்பன் சோற்றுக்கைப் பக்கம் திரும்பினான். "பாத்திரக்காரங்க இன்னும் வரலியே," என்றான். காப்பிக்கொட்டைக் கடை எதிரில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டான். தினமும் ராகிக்களியோடு அவள் சொன்ன பெங்களூர் முழுவதும் அவனுக்குள் இருந்தது. கெம்பம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் பார்த்தார். புரை முற்றியிருக்கிறது, எடுத்துவிடலாம், ஆனால் கட்டோடு சில நாள் படுத்தே கிடக்க வேண்டும் என்றார். ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாதாம். அதைக் கேட்டதும் கங்கப்பன், முந்தானையில் முடிந்த துண்டோடு அவளையும் இழுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பிவிட்டான். இருக்கிற பார்வை போதும் என்றான். விட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. வராந்தாவில் கெம்பம்மா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இம்மாந் தூரம் வழி தப்பாம வந்தியே மாமா. ஊரு தெரியலன்னு பயமா?"

"ஊரு தெரியுதுமே. நீ இல்லாம இருக்கத்தான் தெரியல."

 இந்த மனுஷன் இப்படிப் பேசிக் கெம்பம்மா கேட்டதே இல்லை. தினமும் அவரைக்காய் விற்க வருகிறவள்தானே, மூட்டை காலியானதும் நேரே இங்கே வந்துவிடுவேன் என்றாள். "நான் கூட்டியாந்தவங்க யாராச்சும் தொலஞ்சாங்களா, சொல்லு."  கங்கப்பன் தானே முந்தானை முடிச்சைத் தடவி அவிழ்த்தான்.

அன்று தனியாகப் பஸ் ஏறியவள் அத்திப்பள்ளி வந்ததையும் அறியவில்லை, ஜூஜுவாடி போனதையும் அறியவில்லை. ஓசூரில் எல்லாரும் இறங்கியபோதுதான் விழித்தாள். "ஊருக்கே வழி சொல்றவ," என்று கண்டக்டர் சிரித்தார். திரும்ப நடந்தே வந்தாள். முதல்முறை பெங்களூர் பார்த்தவர்களின் முகத்தில் இருந்த திகில் என்னவென்று வழியெல்லாம் அவளுக்கு விளங்கிக்கொண்டே வந்தது.

கண்ணில் கத்தி வைத்த மறுநாள், வந்த விலைக்கு மூட்டையைத் தள்ளிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வார்டுக்கு ஓடினாள். உள்ளே ஒரே மருந்து நெடி. வரிசைக் கட்டில்கள். கங்கப்பன் இரண்டு கண்ணிலும் கட்டோடு, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, மல்லாந்து கிடந்தான். கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். குரல் உடைந்தால் பயந்துவிடுவான். சமாளித்துக்கொண்டு பேசலாம் என்று கட்டிலருகே இருந்த தூணைப் பிடித்தபடி, சத்தம் காட்டாமல் நின்றாள்.

கங்கப்பன் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டான். தலையை அசைக்காமல், கால்களை மெல்ல மடக்கி, கட்டிலோரத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டான்.