என் காலுக்கு மற்றவர்கள் வைத்த நேர்த்தி

என்னை ஒருவரும் இடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் கட்டிலில் கிடந்தபோது பார்க்க வந்த அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி "ஆர் இடிச்சது?" என்பதுதான். ஒருவரும் இடிக்கவில்லை, நானாகத்தான் விழுந்தேன் என்றதும் வந்தவர்களின் முகம் சுருங்கிவிடும். பஸ் இடித்தது என்றால் ஒரு மதிப்பு. மோட்டார் சைக்கிள் என்றாலும் பரவாயில்லை. தானாக விழுந்தவனுக்கு ஒரு பைக்கற் பிஸ்கற், ஐந்து நிமிட அனுதாபம், அவ்வளவுதான்.

பருத்தித்துறையில் நான் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவன். முப்பது வருடமாக இதுதான் தொழில். போன வருடம் கிளினிக்கில் இரத்தத்தில் சீனி கூடிப்போச்சு என்றார்கள். "பின்னேரத்திலை சைக்கிள் ஓடுங்கோ, உடம்புக்கு நல்லது" என்று டொக்டர் சொன்னார். ஓடினேன். உடம்புக்கு எவ்வளவு நல்லது என்பதற்கு என் காலுக்குள் ஒரு தகடும் எட்டு ஸ்குறூவும் சாட்சி.

விழுந்த கதை இதுதான். எங்கள் பகுதிப் படகுக்காரன் ஒருவனுடைய எஞ்சினுக்குப் புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்திருந்தேன். "முதல் பத்து மணித்தியாலம் மெதுவா ஓடு, முறுக்காதை" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவன் மறுநாளே பக்கத்துப் படகோடு பந்தயம் விட்டிருக்கிறான். எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது. கேட்டதற்கு, மெதுவாத்தான் ஓடினனான் அண்ணை என்றான். அடுத்த நாள் பின்னேரம் நான் சைக்கிளில் போகும்போது அவன் கடற்கரை மதிலில் கால் ஆட்டிக்கொண்டிருந்தான். ஏசத் தொடங்கினேன். சைக்கிள் அவனைத் தாண்டிவிட்டது. ஆனால் எனக்கு ஏசி முடியவில்லை. தலையைத் திருப்பி மிச்சத்தையும் ஏசினேன். ஏச்சு முடிவதற்குள் றோட்டு முடிந்துவிட்டது. அந்த இடத்தில் றோட்டு திரும்பும். நான் திரும்பவில்லை. மதகுச் சுவரில் இடித்துக் கீழே போனேன்.

ஓடிவந்து தூக்கியவனும் அவன்தான்.

"என்ன அண்ணை, பிரேக் பிடிக்கேல்லையோ?"

அவன் கேட்ட முதல் கேள்வி அது. என் வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு யாருடையதோ போலத் திரும்பிக் கிடந்தது. அப்போதும் அவன் சைக்கிளைத்தான் முதலில் நிமிர்த்தினான்.

யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் நடந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேற்பகுதி, அதாவது தொடை எலும்பு வந்து குந்துகிற இடம், மூன்றாக உடைந்திருந்ததாம். தகடு வைத்து ஸ்குறூ இறுக்கியிருக்கிறோம் என்று டொக்டர் சொன்னார்.

"உப்புத் தண்ணி பட்டால் துருப்பிடிக்குமோ?" என்று கேட்டேன்.

"கடல் உள்ளுக்கு வராது ஐயா" என்று சிரித்தார்.

நான் பகிடிக்குக் கேட்கவில்லை. உப்பில் இறுகிப்போன ஸ்குறூவோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். அடுத்த கேள்வியையும் கேட்டேன்: எப்ப நான் குந்தி இருக்கலாம்?

அவர் எக்ஸ்றேயை உறைக்குள் வைத்தார். "முதல் தொண்ணூறு பாகை மடியட்டும். இரண்டு மாசத்திலை மடியாட்டி, திரும்ப மயக்க மருந்து தந்து நாங்கள் மடக்கவேண்டி வரும். குந்துறதைப் பற்றிப் பிறகு கதைப்பம்."

அவருக்கு அது பிறகு கதைக்கிற விசயம். எனக்கு அதுதான் சோறு. எஞ்சினைக் கட்டையில் மாட்டி நிறுத்தினால் அதன் கியர்ப்பெட்டி நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். குந்தியிருந்து, தலையைச் சரித்து, கையைக் கீழே விட்டால்தான் வேலை. குந்த முடியாத மெக்கானிக் பக்கத்தில் நின்று புத்திதான் சொல்லலாம். அந்த வேலைக்கு எங்கள் ஊரில் ஏற்கெனவே ஆட்கள் அதிகம்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் கிழமைதான் விசயம் வெளியே வந்தது. மனைவி தேத்தண்ணியை நீட்டியபடி, மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"உங்கடை கால் சுகம் வந்தால் அம்மன்ரை தேருக்கு நீங்கள் பிரதட்டை செய்வியள் எண்டு நேர்ந்திருக்கிறன்."

பிரதட்டை என்றால் ஈர வேட்டியோடு தேருக்குப் பின்னால் வீதி மண்ணில் உருண்டு போவது. அம்புலன்சில் நான் நோவில் குழறுவதும் மயங்குவதுமாகப் போன நேரத்தில், பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டே இவள் என் உடம்பை அம்மனிடம் பேசி முடித்திருக்கிறாள்.

அதோடு முடியவில்லை. கனடாவில் இருக்கிற மச்சாள், மனைவியின் தமக்கை, தன் பங்குக்கு எனக்குத் தூக்குக்காவடி நேர்ந்திருந்தா. தனக்கு மூக்கு ஒழுகித் தடிமன் வந்தால் மூன்று விதமான குளிசை போடுகிற மனுசி, என் முதுகில் முள் குத்தித் தொங்கவிட அங்கிருந்தே முடிவெடுத்துவிட்டா. படகுக்காரனும் விடவில்லை. "பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய் அண்ணை. தேங்காய் நான் தாறன். அடிக்கிறது நீங்கள்" என்றான்.

யோசித்துப் பாருங்கள். இவர்களில் ஒருவராவது, இந்த மனிசனுக்குக் கால் சுகம் வந்தால் நான் இதைச் செய்கிறேன் என்று நேர்ந்தார்களா? விழுந்தது நான். வெட்டுப்பட்டது நான். கும்பிட்டது மட்டும் அவர்கள். சுகம் வந்தால் உருளுவதும், தொங்குவதும், அடிப்பதும் மறுபடி நான்.

மடக்குகிற வேலை பிசியோதெரபிப் பிள்ளையிடம் போனது. அளவெட்டி ஊர்ப் பெட்டை. என் மகளை விடச் சின்னவள், ஆனால் கையில் பழைய கடலோடியின் பலம். பள்ளிக்கூடப் பாகைமானி மாதிரி ஒரு பிளாஸ்ரிக் சாமானை என் முழங்காலில் வைத்து அளப்பாள்.

"மடக்குங்கோ ஐயா."

"மடக்கித்தான் இருக்கு."

"இது நாற்பது."

"அவ்வளவு காணாதோ?"

"கதிரையிலை ஒழுங்கா இருக்கவே தொண்ணூறு வேணும்" என்று சொல்லிக் கணுக்காலில் கையை வைத்து அமத்தினாள். நான் இறங்குதுறையில் மட்டும் பாவிக்கிற சொற்கள் நாலைந்து வெளியே வந்துவிட்டன. பக்கத்துக் கட்டில் கிழவர் காதைப் பொத்தினார். அவள் அசையவில்லை.

"ஏசுங்கோ ஐயா. ஏசேக்கை மூச்சு வெளியிலை போகுது, தசை இளகுது. பாருங்கோ, ஐந்து கூடிப்போச்சு."

"உனக்குக் காது கூசேல்லையோ?"

"எங்கடை ஊரிலை விடியக்காலமையே நாலு வீட்டிலை நாதஸ்வரம் ஊதிப் பழகுவினம். அதோடை பாக்கேக்கை நீங்கள் ஒண்டுமில்லை."

என் வாய்க்கு முதல் தடவையாக மருத்துவப் பயன் கிடைத்தது.

நாற்பது ஐம்பத்தைந்தானது. ஐம்பத்தைந்து அறுபதானது. அறுபதில் நின்றுவிட்டது. ஒரு கிழமை, இரண்டு கிழமை, அசையவில்லை. காரணம் எனக்குத் தெரியும். வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியை நான் செய்யவில்லை. நோவுக்குப் பயந்து படுத்துக் கிடந்துவிட்டு, செய்தேன் என்று அந்தப் பிள்ளையிடம் பொய் சொன்னேன். மெதுவா ஓடினனான் அண்ணை என்று படகுக்காரன் எனக்குச் சொன்ன அதே பொய்.

வீட்டில் வேறு காரணம் கண்டுபிடித்தார்கள்.

"நேர்த்தியை நக்கல் அடிச்சால் எப்பிடிக் கால் மடியும்?" என்றாள் மனைவி.

"என்னட்டைக் கேக்காமல் என்ரை உடம்பை நேர நீ ஆர்?"

"நீங்கள் அப்ப கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தனீங்கள். ஆரிட்டைக் கேக்கிறது?"

"நேர்ந்தது நீ. நீயே போய் உருளு!"

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகும் அவள் பேசாமல் போவதை வெற்றி என்று நினைக்கிறவனுக்கு எஞ்சினைத் தவிர வேறொன்றும் விளங்காது.

ஆனால் அந்தக் கோபம் எனக்கு உதவியது. அம்மனும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம், நானே மடக்கிக் காட்டுகிறேன் என்று வெளிக்கிட்டேன். மேசை விளிம்பில் இருந்து காலைத் தொங்கப் போடுவேன். கணுக்காலில் ஒரு துணிப்பை. பைக்குள் பழைய பிஸ்டன்கள். முதல் நாள் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் வேலியடிக்கு வந்து பதில் சொன்னது. இரண்டு மாதம் முடிய டொக்டரிடம் போனபோது தொண்ணூற்றிரண்டு. அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். பார்க்க வந்த எல்லோரிடமும் தொண்ணூற்றிரண்டு என்று சொன்னேன். ஒருவரும் வியக்கவில்லை. பாகையில் என்ன இருக்கிறது, பஸ்ஸே இடிக்கவில்லையே.

இதற்கிடையில் என்னிடம் வருகிற எஞ்சின்கள் ஒவ்வொன்றாக வேறு ஆட்களிடம் போய்விட்டன. படகுக்காரனுடையது மட்டும் என் முற்றத்தில் தரப்பாளால் மூடியபடி நின்றது.

"ஏன்ரா, நீயும் கொண்டு போவன்?"

"வேறை ஆளிட்டைக் குடுத்தால் நீங்கள் சுகம் வந்து ஏசுவியள் அண்ணை. அதைவிட இது நிக்கட்டும்" என்றான். தம்பியின் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

நான் விழுந்து நாலாம் மாதம் திருவிழா வந்தது. தேரன்று நான் ஒற்றை ஊன்றுகோலோடு வீதியில் நின்றேன். தேர் நகர்ந்தது. பின்னால் ஆண்கள் கையில் தேங்காயோடு உருண்டார்கள். அதற்குப் பின்னால் பெண்கள். பெண்கள் உருளுவதில்லை, அடி அழிப்பார்கள். ஓரடி வைத்து, முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டு, எழும்பி, அடுத்த அடி. நாலு வீதிக்கும் இப்படியே. அந்த வரிசையில், தலையால் தண்ணி வடிய, ஈரச் சேலையோடு என் மனைவி.

ஐயரைக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் ஏலாதெண்டால் நீங்கள் செய்யலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. மணலில் ஊன்றுகோல் புதையப் புதைய அவளுக்குப் பக்கமாகப் போனேன்.

"என்னடி செய்யிறாய்?"

"நீங்கள்தானே சொன்னியள்." முழந்தாளிட்டாள், தொட்டாள், எழும்பினாள்.

"அது நான் கோவத்திலை சொன்னது."

"நான் பயத்திலை நேர்ந்தது."

பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஆரோ தோளில் தட்டினார்கள். படகுக்காரன்.

"அண்ணை, வழியை விடுங்கோ. சனம் வருது."

நான் ஒதுங்கி நின்றேன். ஐந்து பாகைக்காக ஒரு கிழமை குழறிய நான் பார்த்துக்கொண்டு நிற்க, ஐம்பத்துமூன்று வயது மனுசி நாலு வீதியும் மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி முடித்தாள். மூன்றாம் வீதியில் எழும்பத் தள்ளாடினாள். குனிந்து பிடிக்க என்னால் முடியவில்லை. முன்னால் போன ஒரு பெண் திரும்பிக் கைகொடுத்தாள்.

வீட்டில் அவளுடைய முழங்கால் இரண்டும் உரிந்து கிடந்தன. மருந்து பூசினேன்.

"மெதுவா!"

"ஏசு. ஏசினால் தசை இளகும்."

ஒரு சொல் சொன்னாள். என்னிடமிருந்து பழகிய சொல்தான். உச்சரிப்பு என்னைவிடத் திறம்.

இரவு கனடாவிலிருந்து மச்சாள் போன் எடுத்தா. "பிரதட்டை முடிஞ்சுதோ?"

"நேர்த்தி முடிஞ்சுது அக்கா" என்றாள் மனைவி. ஆர் முடித்தது என்று சொல்லவில்லை.

"அப்ப என்ரை தூக்குக்காவடி எப்ப?"

"நேர்ந்தது நீதானே. ரிக்கற் போட்டுக்கொண்டு வா. தூக்கிறதுக்கு இஞ்சை ஆக்கள் இருக்கினம்."

போன் கட்டாகிவிட்டது. மச்சாளின் வீட்டில் சிக்னல் இல்லையாம். பிறகு இரண்டு கிழமை சிக்னல் வரவேயில்லை.

கடைசியாகப் பிசியோதெரபிக்குப் போனபோது நூற்றுப் பதினைந்து.

"குந்தலாமோ பிள்ளை?"

"அதுக்கு இன்னும் கனக்கப் பாகை வேணும் ஐயா. வரலாம், வராமலும் போகலாம். உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன்."

நான் அவளுக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் தரப்பாளை எடுத்தோம். பிஸ்டன் வேலையை ஸ்ரூலில் இருந்தபடி முடித்துவிட்டேன், காலை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டு. கியர்ப்பெட்டிக்கு வந்ததும் நின்றுவிட்டது. சரிந்து பார்த்தேன், கை எட்டவில்லை. நிலத்தில் இருந்து பார்த்தேன், எழும்பப் படகுக்காரன் தூக்கவேண்டி வந்தது.

"எஞ்சினை மேசையிலை ஏத்துவமோ அண்ணை?" என்றான். "ஒரு மாலையும் போட்டால் வடிவா இருக்கும்."

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பைகளை மதிலில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தினாள். காயம் ஆறிய முழங்கால் இரண்டும் ஒரு முனகல் இல்லாமல் மடிந்தன.

"எந்த ஸ்குறூ?"

"கீழை கிடக்கிறது. பெரிய ஸ்குறூட்ரைவரை எடு. இடப்பக்கம் திருப்பு."

திருப்பினாள். இறுகியிருந்தது. தோளைக் கொடுத்து இன்னொரு தரம் திருப்பினாள். ஒயில் வழிந்தது, பால் விட்ட தேத்தண்ணி மாதிரி வெள்ளையாக. நான் வாயைத் திறந்தேன். ஆனால் இந்த முற்றத்தில் இருபத்தெட்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை. ஒயிலை விரலில் தொட்டுப் பார்த்தாள். பிறகு குந்தியபடியே படகுக்காரனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீல் போய்த் தண்ணி உள்ளுக்கு வந்திருக்கு. எத்தினை நாளா இப்பிடி ஓடினனீ? கண் இல்லையோ உனக்கு? புதுப் பிஸ்டன் போட்ட மறுநாள் பந்தயம் விடேக்கை தெரியேல்லையோ? உது எஞ்சினோ, இல்லாட்டி உன்ரை கொப்பன்ரை தேரோ?"

படகுக்காரன் என்னைப் பார்த்தான். நான் மதிலில் இருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.