பாட்டக்கா வெட்டிய பாட்டு

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துவதுதான் அவளுக்குச் சோறு போட்ட வேலை. ஆனால் ஊரில் ஒருத்தரும் அவளைக் கண்ணாடிக்காரி என்று சொன்னதில்லை. பாட்டக்கா என்றுதான் பேர். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். எல்லாம் ஒரே ஒரு பாட்டு செய்த வேலை.

கல்யாணமான புதிதில், உள்ளூர் நாடகக் குழு போட்ட இசை நாடகத்துக்கு அவள் மெட்டமைத்தாள். ஆஸ்பத்திரி வார்டில் நடக்கிற கதை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவிக்குப் புருஷன் பாடுவதாக அதில் ஒரு பாட்டு வரும். அந்த மெட்டு காட்டுத்தீ மாதிரி பரவிவிட்டது. பஸ் கண்டக்டர் விசிலடித்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வார்த்தையை மாற்றிப் போட்டு வாத்தியாரைக் கிண்டலடித்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் கடைக்கு வந்த ஒருவர், கண்ணாடி தயாராகும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் ஆசையை அடக்கமுடியாமல், "இது எந்த நாடகத்துல வருது சார்?" என்று கேட்டாள்.

"ஏதோ சிரிப்பு நாடகம்மா. நான்கூடப் போய்ப் பார்த்தேன். புதுமாப்பிள்ளை ஒருத்தன் துள்ளித் துள்ளிப் பாடுவான்."

மாப்பிள்ளை துள்ளவே இல்லை. கட்டிலோரம் உட்கார்ந்துதான் பாடினான். அடுத்த காட்சியில் அவன் மனைவி செத்துப்போவாள். பாட்டக்கா கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். பிறகு அந்தப் பாட்டு எங்கே காதில் விழுந்தாலும் பெருமையோடு சின்ன நெருடலும் சேர்ந்தே வந்தது.

வருஷங்கள் ஓடின. குழு ஒரு புது நாடகம் எடுத்தது. பிள்ளைகள் வீட்டை விற்றுவிட, அவர்களோடு கிளம்பவேண்டிய ஒரு தாயின் கதை. தாயாக நடித்தது பாட்டக்காவின் அண்ணி. தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள். குரல் மட்டும் கணீரென்று இருக்கும். விளக்குப் பொறுப்பு பாட்டக்காவின் புருஷனுக்கு. குழுவை நடத்துகிறவர் இரும்புக்கடைக்காரர். கடையில் ஆணியிலிருந்து அடிபம்பு வரை எது கேட்டாலும் கிடைக்கும். ஆணிக்காரர் என்பது அவருக்குப் பட்டப்பெயர்.

இந்த முறை பாட்டக்கா மெட்டைத் தேடி ஓடவில்லை. ஆட்கள் பேசுகிற போக்கிலேயே பாட்டு புறப்படும், பேச்சிலேயே போய் அடங்கும். அவளுக்குப் பிடித்திருந்தது. ஆணிக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"ஏம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வீட்டுக்குப் போறப்ப ஜனங்க எதைப் பாடிக்கிட்டுப் போவாங்க?"

"பாடிக்கிட்டேதான் போகணுமா சார்?"

"இசை நாடகம்னு போஸ்டர் ஒட்டியிருக்கேனே! வாயில ஒட்டினாத்தாம்மா பாட்டு. ஒட்டலைன்னா வெறும் சத்தம்."

அந்தச் சொல் அவளை முள்ளாய்க் குத்தியது. ஒருவேளை ஊற்று வற்றித்தான் போச்சோ? வறட்டு ஜம்பத்துக்குத்தான் மெட்டே வேண்டாம் என்கிறோமோ? அந்த ரோஷத்திலேயே உட்கார்ந்தாள். காபி ஆறுவதற்குள் பாட்டு வந்துவிட்டது. தாய் பெட்டி கட்டும்போது பாடுகிற பாட்டு. கேட்டவுடன் தொற்றிக்கொள்கிற மெட்டு. புருஷன், "அடி சக்கை!" என்று துள்ளினான். ஒத்திகையில் வில்லனாக நடிப்பவன்கூட அதைப் பாடிக்கொண்டே செருப்புப் போட்டான். ஆணிக்காரர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது.

அரங்கேற்றத்துக்கு முந்தைய ஞாயிறு மதியம், நடிகர்களின் உற்றார் உறவினரை மட்டும் கூப்பிட்டு ஒரு முறை போட்டுப் பார்த்தார்கள். பெட்டி கட்டும் பாட்டு வந்தது. கடைசி வரிசையில் யாரோ தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் கூடமே தட்டியது. கீபோர்டில் இருந்த பாட்டக்காவின் விரல்களும் அவளைக் கேட்காமலே வேகம் பிடித்தன. பாட்டு முடிந்ததும், "இன்னொரு வாட்டி!" என்று ஒரு குரல், அதற்கு ஒரு சிரிப்பு. அந்த இடத்தில்தான் தாய், "நான் வரல" என்று சொல்லவேண்டும். நாடகமே அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. அண்ணி சொன்னாள். ஒருத்தர் காதிலும் விழவில்லை.

திரைக்குப் பின்னால் வந்ததும் அண்ணி பொட்டென்று பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "உன் பாட்டு என் காட்சியை முழுங்கி ஏப்பம் விட்டுடுச்சுடி."

பாட்டக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் மெட்டு முணுமுணுத்த அந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

மறுநாள் நேரே இரும்புக்கடைக்குப் போனாள். "அந்தப் பாட்டை எடுத்துடலாம் சார்."

ஆணிக்காரர் தாழ்ப்பாள் எடுத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். "வலிய வர்ற சீதேவியை உதைச்சுத் தள்ளுறியேம்மா! நாடகத்துல நாலு பேர் தட்டினதே அந்த ஒரு இடத்துலதான்."

"தட்டினதுதான் சார் தப்பா போச்சு. அந்தம்மா அப்போ ஒரு முழுப் பாட்டு பாடற நிலைமையிலயா இருக்காங்க? பாட்டு முடிஞ்சதும் ஜனங்களுக்குத் துக்கமும் முடிஞ்சு போச்சு. அப்புறம் அவங்க வரலைன்னு சொன்னா யாருக்கு உறைக்கும்?"

"அப்போ மெட்டே கூடாதுங்கறியா?"

"கூடாதுன்னு யார் சொன்னா? முதல் ரெண்டு வரி இருக்கட்டும்."

கீல் வாங்க வந்த ஒருவர் இந்த வழக்கு தீரட்டும் என்று பொறுமையாக நின்றிருந்தார். ஆணிக்காரர் அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "முதல் நாள் மட்டும். ஜனம் எழுந்து போச்சுன்னா மறுநாளே முழுப் பாட்டும் திரும்ப வரும். சம்மதமா?"

"அப்படி ஆச்சுன்னா முழுசையும் நானே வாசிக்கிறேன் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, அரங்கேற்றத்தன்று காலையிலிருந்து அவளுக்குப் பச்சைத்தண்ணீர்கூட இறங்கவில்லை. கூடம் நிரம்பியிருந்தது. முதல் பாதி முழுக்க ஜனங்கள் அமைதியாகப் பார்த்தார்கள். பிடித்து அமைதியா, போரடித்து அமைதியா என்று தெரியவில்லை. இடைவேளையில் தண்ணீர்க் குழாயருகே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது கேட்டது.

"ஒரு பாட்டும் மனசுல நிக்கலையே."

"ஆஸ்பத்திரிப் பாட்டு போட்டவங்கதானாம்."

"அப்படியா? சரக்கு தீர்ந்துடுச்சு போல."

பாட்டக்கா உள்ளே ஓடினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அண்ணிக்கு விளங்கிவிட்டது.

"என்ன, முழுசா பாடிடட்டுமா? வார்த்தையெல்லாம் எனக்கு அத்துப்படி."

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆமாம் என்றால் போதும், கூடமே தட்டும், பேரும் தப்பும். "வேண்டாம் அண்ணி. பேசினபடியே செய்ங்க."

பெட்டி கட்டும் காட்சி வந்தது. தாய் இரட்டைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து உதறி, மடித்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள். அதே மெட்டு. கூடத்தில் ஒரு சிலிர்ப்பு. இரண்டொருவர் கையைக்கூட உயர்த்திவிட்டார்கள். பெரிய விரிப்பு. ஒருத்தியால் மடிக்க முடியாது. இந்த முனை அவள் கையில் இருக்க, அந்த முனை தரையில் புரண்டது. பிடித்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. அண்ணி அந்த முனையைப் பார்த்தாள். பாட்டு மூன்றாவது வரியின் வாசலிலேயே நின்றுவிட்டது. பாட்டக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே இருந்தன. இருமிக்கொண்டிருந்த ஒருவர் இருமலை அடக்கிக்கொண்டார்.

"நான் வரல," என்றாள் தாய். சத்தமே போடவில்லை. அது கடைசி வரிசை வரை போனது.

நாடகம் முடிந்தபோது முதலில் ஒரு சத்தமும் இல்லை. பாட்டக்காவுக்கு உயிரே போய்விட்டது. பிறகு கைதட்டல் எழுந்தது. தாளத்துக்கு அல்ல, தாறுமாறாக, நிற்காமல். அவளுக்கு அப்போதுதான் மூச்சு முழுதாக வெளியே வந்தது. கீபோர்டு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சத்தமில்லாமல் சிரித்தாள். மேடைக்கு மேலிருந்து புருஷன் விளக்கை அவள் பக்கம் திருப்பிவிட்டான். அவள் கையை ஆட்டி அவனைத் திட்டினாள்.

ஆணிக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "இப்போ என்னை ஒரு பாட்டு பாடச் சொன்னா பாடத் தெரியாதும்மா. ஆனா அந்தத் துணி தரையில கிடந்ததே, அது கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது."

"நாளைக்கு முழுப் பாட்டும் வேணுமா சார்?"

"ஏன், நல்லா இருக்கிறதைக் கெடுக்கவா?" என்றார், ஆதிமுதல் அது தன் யோசனைதான் என்பதுபோல. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அடுத்தது சிரிப்பு நாடகம். அதுல வாயில ஒட்டுற மாதிரி நாலு பாட்டு வேணும்."

"அதுக்கு அதான் சார் வேணும். போட்டுத் தர்றேன்."

வெளியே வந்ததும் அவளுக்கு அப்படியொரு பசி. தெருமுனை டீக்கடையில் நின்றுகொண்டே இரண்டு பன் தின்றாள். மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது அண்ணி தன் பங்கையும் அவளிடமே தள்ளினாள்.

"தின்னுடி, மெதுவா. யாரும் பிடுங்கமாட்டாங்க."