லிசெத்தைப் பார்க்க வந்தவர்

பிரெஞ்சு பேசும் ஊரான ரொபெர்வாலில் ஏரியைப் பார்த்த தெருவில் ஒதீல் பொத்வேன் பெண்களுக்கான முடிதிருத்தகம் வைத்திருந்தாள். இரண்டு நாற்காலி, தலை அலச ஒரு தொட்டி. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஊர்ல இருக்கிற புருஷன்மார் லட்சணமெல்லாம் இந்த நாற்காலில உக்காந்துதானே சொல்றீங்க. இதுக்கப்புறம் எனக்கு எப்படி ஆசை வரும்?" என்பாள்.

அவளுடைய தங்கை லிசெத் பத்தொன்பது வயதில் ஆங்கிலம் பேசும் ஒன்டாரியோவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனவள், அங்கேயே வாரன் பிட்மனைக் கட்டிக்கொண்டாள். வாரன் பீட்டர்பரோவில் படகுக் கால்வாயின் மதகைத் திறந்து மூடும் வேலையில் இருந்தார். நெடுநெடுவென்ற உயரம், அதிராத பேச்சு. பிள்ளை இல்லை. பிரெஞ்சில் அவருக்கு வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு வந்தால் இறைச்சிப் பணியாரத்தைத் தின்றுகொண்டு மேசைக் கோடியில் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார்.

"உன் வீட்டுக்காரருக்கு வாய் சாப்பிட மட்டும்தானா?" என்று அண்ணன் ரொசேர் சீண்டுவான்.

"உன் வாய் மாதிரி ஊர் வம்பு பேசலையே, அதுவரைக்கும் நிம்மதி" என்று லிசெத் திருப்பிக் கொடுப்பாள். வாரன் என்னவென்று கேட்டால், "நீங்க நல்லா சாப்பிடறீங்கன்னு சொல்றான்" என்பாள்.

லிசெத்துக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டபோது அவளுக்கு அறுபது முடிந்திருந்தது. பிழைத்து எழுந்தவளிடம் ஆங்கிலம் ஒரு சொல்கூட மிச்சமில்லை. அதோடு பீட்டர்பரோ வீடும், கால்வாயும், கல்யாணமும் துடைத்தாற்போல் போய்விட்டன. ஏரிக்கரையில் வளர்ந்த பெண் மட்டும் இருந்தாள். பீட்டர்பரோ ஆஸ்பத்திரியில் அவள் தண்ணீர் கேட்டாலும் யாருக்கும் புரியவில்லை. அழுதாள். பிறகு சாப்பாட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தாள்.

வாரன்தான் ஒதீலுக்குப் போன் செய்தார். "வந்து கூட்டிட்டுப் போயிடுங்க, ஒதீல். இங்க அவளுக்குப் பேச ஆளில்ல. நான் இருந்தும் பிரயோஜனமில்ல."

ரொபெர்வாலில் கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லத்தில் அவளைச் சேர்த்தார்கள். வந்த வாரமே மொச்சை சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தாள். ஒதீலைப் பார்த்து, "என்னக்கா, இப்படிக் கிழவியாயிட்டே?" என்று சிரித்தாள்.

வாரன் மாதாமாதம் ரயில் மாறி பஸ் மாறி வந்தார். பிரெஞ்சு பேசுகிறவர்கள் தனி நாடாகப் பிரியலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்த மறு வருஷம் அது. ஊரில் பாதிச் சுவர்களில் ஒட்டிய தாள் இன்னும் கிழியவில்லை. கடைக்கு வரும் மதாம் பெரோன், "அவங்களை விட்டுப் பிரியலாம்னு நாம ஓட்டுப் போட்டோம், உன் இங்கிலீஷ்காரர் மாசாமாசம் வந்து ஒட்டிக்கிறாரே" என்றாள். ஒதீலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக அன்று முழுக்க அவளுக்கு மனசு உறுத்தியது.

முதல் தடவை வாரன் அறைக்குள் வந்ததும் லிசெத் போர்வையை இழுத்துக்கொண்டாள். "அக்கா, இவரு யாரு? டாக்டரா?"

"என்ன சொல்றா?" என்று வாரன் கேட்டார்.

ஒதீலுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். தங்கை வீட்டுக்குப் போய்வந்ததில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கொஞ்சத்தில் தேடி, "களைச்சுப் போயிருக்கீங்கன்னு சொல்றா" என்றாள்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. லிசெத் "இவரு எப்ப போவாரு?" என்றால், ஒதீல் "எப்ப மறுபடி வருவீங்கன்னு கேக்கறா" என்பாள். "இவரு கை என் மேல படக்கூடாது" என்றால், "உங்க கை சில்லுனு இருக்காம்" என்பாள். பனிக்காலத் தொடக்கத்தில் ஒருநாள், "வெளியில குளிரு, காதை மூடிக்கிட்டுப் போகச் சொல்றா" என்று தானாகவே ஒன்றைச் சேர்த்தாள். வாரன் திரும்பி நின்று, மனைவியைப் பார்த்துக் காதுவரை குல்லாவை இழுத்துவிட்டுக் காட்டினார். லிசெத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வரவில்லை. சாலையெல்லாம் பனி, அதனால்தான் என்று ஒதீல் நினைத்தாள். ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரை ஒதுங்கிய மே மாதம் கடை வாசலில் வந்து நின்றார். தலையை வாரி, புது டை கட்டியிருந்தார்.

"காலை வணக்கம், ஒதீல். நல்லா இருக்கீங்களா? நான் பேசக் கத்துக்கிட்டேன்" என்றார், பிரெஞ்சில். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். ஒரு ஓய்வுபெற்ற டீச்சரிடம் குளிர்காலம் முழுக்கப் போய் உட்கார்ந்தாராம்.

"இன்னிக்கு அவளுக்கு உடம்பு முடியல, நாளைக்குப் போகலாமே" என்று ஒதீல் சொல்லிப் பார்த்தாள். அவர் ஏற்கனவே தெருவில் இறங்கிவிட்டார்.

லிசெத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வாரன் அவளுக்கெதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வணக்கம் சொன்னார். அவள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தாள். "அட, இவருக்குப் பேச்சு வருதே! நீங்க எந்த ஊருங்க? சுத்திப் பாக்க வந்தீங்களா?"

"உன்னைப் பாக்க வந்தேன்" என்றார்.

'உன்னை' என்றது அவளுக்குப் பிடிக்கவில்லை. முகம் இறுகியது. "உங்களுக்கு வீட்டுல யாரும் இல்லீங்களா?"

"மனைவி இருக்கா."

"அப்ப அவங்ககிட்ட போங்க. பாவம், காத்துக்கிட்டிருப்பாங்க." பிறகு அக்காவிடம் திரும்பி, அவருக்குக் கேட்காது என்பதுபோல் சொன்னாள்: "இவரைப் பாத்தாலே பயமா இருக்குதுன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன், இங்க வரவேணாம்னு சொல்லேன்க்கா. ஏன் நீ சொல்லவே மாட்டேங்கிறே?"

வாரன் எழுந்தார். நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

வெளியே மேப்பிள் மரத்தடியில் நின்று ஆங்கிலத்தில் கேட்டார். "பயம்னுதானே சொன்னா? நான் சரியாத்தானே கேட்டேன்?"

இப்போதும் ஒரு பொய் சொல்ல ஒதீலால் முடிந்திருக்கும். "ஆமா" என்றாள்.

"முன்னாடியும் அதையேதான் சொன்னாளா?"

"ஆமா."

"குல்லா?"

"அது நான் சொன்னது, வாரன்."

அவர் தலையாட்டினார். "அதை வச்சுத்தான் இந்தக் குளிர்காலத்தை ஓட்டினேன்" என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஒதீல் அழுதிருப்பாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

அதன்பின் அவர் அந்த அறைக்குள் போகவில்லை. ஆகஸ்டில் ஒரு தடவை வந்து, லிசெத்தைத் தோட்டத்தில் உட்கார வைத்திருந்த நேரம் வேலிக்கு அப்பால் நின்றார். அவள் மடியில் வைத்துப் புளூபெர்ரி தின்றுகொண்டு, விரல் நீலமாகி, பக்கத்துக் கிழவியோடு சளசளவென்று பேசிக்கொண்டிருந்தாள். "சந்தோஷமா இருக்கா" என்றார் வாரன். அது உண்மை. அவர் இல்லாத இடத்தில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

நவம்பரில் இரண்டாவது அடைப்பு வந்தது. அதிலிருந்து லிசெத் எழவில்லை. மாதா கோயில் நிறையச் சொந்தக்காரர்கள். வாரன் கடைசி பெஞ்சில் இருந்தார். முன்னால் வரச் சொல்லி ஒதீல் இழுத்தும் வரவில்லை. சாமியார் பிரசங்கத்தில் பெற்றோர் பெயரும் கூடப்பிறந்தவர்கள் பெயரும் வந்தன. வாரன் பெயர் விட்டுப்போனது. எழுதிக்கொடுத்த ரொசேருக்கு அது நினைவுக்கே வரவில்லை.

கல்லறையில் ரொசேர் அவர் தோளைத் தட்டி, "நம்ம பேச்சு கத்துக்கிட்டீங்களாமே! அவ இருந்தப்பவே கத்துக்கிட்டிருக்கலாமில்ல?" என்றான். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அவனுக்கும் கண் சிவந்திருந்தது.

வாரன் ஆங்கிலத்தில், "மன்னிக்கணும், எனக்குப் புரியல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து பிரெஞ்சு வந்து ஒதீல் கேட்டதில்லை. சாயங்கால பஸ்ஸில் ஏறினார். சனிக்கிழமை ஆனதால் கடையில் கூட்டம் காத்திருந்தது. ஒதீல் போய் மதாம் பெரோனின் தலையைத் தொட்டியில் சாய்த்து அலசினாள்.

கிறிஸ்துமஸுக்கு ஒதீல் பீட்டர்பரோவுக்குப் போன் போட்டாள். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைச் சுற்றினாள். வேறொரு பெண் எடுத்தாள். வீட்டை விற்றுவிட்டார், எங்கே போனார் என்று தெரியாது என்றாள். ஒதீலுக்கு அவ்வளவும் புரிந்தது. மேலே என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பெண் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்தாள்.