ரிப்போர்ட்டில் எல்லாம் சரிதான்

அக்காவுக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அம்மாவுக்குப் பிறகு, இரண்டு வேளையும் அவளுக்கு இன்சுலின் போடுவது தங்கையான என் வேலை. அவள் முகம் சுளித்தாலே எனக்குக் கோபம் வரும். அப்படியொரு பாழாய்ப்போன குணம் எனக்கு.

ஆகஸ்ட் கடைசியில் இராயபுரத்தில் எங்கள் தெருவே காவி உடுத்தி, பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வெறுங்காலோடு நடக்கும். அக்கா பிழைக்க வேண்டும் என்று அம்மா நேர்ந்துகொண்ட நடை. அம்மா செத்த பிறகும் நாங்கள் இருவரும் விடவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் இருக்கும். அக்காவுக்கு முப்பது வயது. இடுப்பு வலிக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தத்தில் கால்சியம் பார்த்தோம். நார்மல் என்றார் லேப்காரர். டாக்டரிடம் காட்டாமல் சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். ரத்தத்தில் இருந்தால் எலும்பிலும் இருக்கும்தானே என்று நினைத்தேன்.

கொடியேற்றத்தன்று, இந்த வருஷம் மட்டும் பஸ்ஸில் வருகிறேனே என்று கெஞ்சினாள்.

"ரிப்போர்ட்டுல எல்லாம் சரியாத்தான் கீது. சும்மா நடிக்காத, எழுந்து வா" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். கலங்கரை விளக்கம் தாண்டியதும் கால் மடங்கி விழுந்தாள். யாரும் இடிக்கவில்லை, கல்லும் தடுக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அதே இடத்தில் அமைலின் என்று இன்னொன்றும் சுரக்குமாம். எலும்பு கரைந்து கால்சியம் ரத்தத்தில் கலக்காமல் அது தடுக்குமாம். அக்காவுக்கு இரண்டுமே இல்லை. ஊசியில் நாங்கள் கொடுத்தது ஒன்றைத்தான். அதனாலும்தான் எலும்பு மெலிந்திருக்கும் என்றார். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடுமாம், அதனால் ரிப்போர்ட் சரியாகவே காட்டுமாம்.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்து, சர்க்கரை ஏறி, காய்ச்சல் விடவேயில்லை. ஒருநாள் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

"இப்பவாச்சும் நம்புறியாடி?"

ஊசிக்கு மூடி போடுவதுபோல் குனிந்துகொண்டேன். வீட்டுக்குப் போனதும் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அக்கா வீட்டுக்கு வரவில்லை.