வேலி வாசலில் நான் பறித்த உருண்டை

தின்றேன். மற்றவர்களின் மடியிலிருந்து சட்டத்தின் பேரால் பறித்த சோற்றை, மண்ணில் புதைக்க வேண்டிய சோற்றை, ஒன்றரை வருடம் ஒளிந்து உட்கார்ந்து தின்றேன். ஒருநாள் சட்டத்துக்காக அல்ல, தின்பதற்காகவே பறித்தேன். பறிகொடுத்தவள் ஆறு மாதக் கர்ப்பிணி.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன். அதுவே ஒரு கோழைத்தனம்தான், எனக்குத் தெரியும்.

கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த காலம். கோலசிலாங்கூருக்கு வடக்கே எங்கள் ரப்பர் தோட்டம். சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் பெயர்த்து ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். அரிசி அளந்து கிடைத்தது. காட்டிலிருப்பவர்களுக்கு ஒரு கவளம்கூடப் போய்ச் சேரக் கூடாது என்று, ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டப் போகிறவர்கள் எந்த உணவையும் வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என உத்தரவு வந்தது. தண்ணீர் கொண்டுபோகலாம். சீனி போடாத கோப்பி கொண்டுபோகலாம். விடியலில் போனவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பும்வரை வயிறு காய வேண்டியதுதான்.

ஆண்களைச் சோதிக்க வாசலில் போலீஸ்காரர் இருந்தார். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் தேவைப்பட்டாள். என் அப்பா தோட்டத்து மாதா கோயிலில் உபதேசியாராக இருந்தவர். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். கணவர் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

வாசலுக்கு அருகில் அத்தாப்புக் கீற்றால் ஒரு மறைப்பு. அதற்குள் பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். தலைத்துணியை அவிழ்ப்பேன், மடியைத் தடவுவேன், வாளிக்குள் கையை விடுவேன். வயிற்றோடு ஒட்டிக் கட்டிய தோசை, கந்தலுக்கு அடியில் மரவள்ளிக் கிழங்கு, முந்தானை முடிச்சில் சோற்று உருண்டை... அகப்பட்டதையெல்லாம் ஒரு தகர டின்னில் போட வேண்டும். எல்லோரும் போன பிறகு பின்னால் இருக்கும் குழியில் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, மண்ணைத் தள்ளி மூட வேண்டும்.

முதல் வாரம் போலீஸ்காரர் கூடவே வந்து நின்று பார்த்தார். அப்புறம் அவருக்கும் அலுத்துப்போனது. மண்ணெண்ணெய்ப் போத்தலை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார்.

முதலில் தின்றது ஒரு தோசை. வீணாகப் போகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் இரண்டு. பத்தே நாளில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு மறைப்புக்குள் குந்தியிருந்தேன். புட்டும் கருவாடும் ஆறிய சோறும் கிழங்கும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். பிரித்தெடுக்கக்கூடப் பொறுமை இருக்காது. ருசி தெரியாது. வாய் மெல்லும்போதே கை அடுத்ததைத் தேடும். மூச்சு முட்டும்வரை தின்பேன்... பிறகும் தின்பேன். கண்ணில் நீர் வரும். சில நாள் குழியருகே போய் வாந்தி எடுத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வருவேன். நாளையிலிருந்து தொட மாட்டேன் என்று அப்போதே சிலுவை போட்டுக்கொள்வேன். அந்த நாளை வந்ததே இல்லை.

ஏன்? உங்களைப் போலவே நானும் கேட்டுக்கொண்டேன். ஜப்பான்காரன் காலத்துப் பட்டினிதான் காரணம் என்று கொஞ்ச நாள் நம்பினேன். மூன்று வருடம் வெறும் கிழங்கைத் தின்று உயிரோடு இருந்தவள் நான், சோற்றைக் கண்டால் மிரளத்தானே செய்வேன் என்று. ஆனால் அந்தக் கிழங்கை எங்கள் தோட்டம் முழுவதும்தான் தின்றது. அவர்கள் எல்லோருமா அடுத்தவள் முடிச்சை அவிழ்த்துத் தின்றார்கள்? எரிச்சலாக இருக்கிறது. ஒரு காரணமாவது எனக்கு ஒழுங்காக அமையக் கூடாதா?

உடம்பு ஏறியது. ரவிக்கையின் தையலைப் பிரித்துவிட்டேன்; பிறகு பிரிப்பதற்குத் தையல் இல்லை. முழங்கால் வலித்தது. தண்ணீர்க் குழாய்வரை போய் வருவதற்குள் இரண்டு தடவை நின்றேன். ஊரே வற்றிக் காய்ந்திருந்த நேரத்தில் நான் ஒருத்தி பருத்துக்கொண்டே போனேன். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தினமும் பயந்தேன். யாருக்காவது ஒரு சந்தேகம் வந்து, வாய் திறந்து கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கேட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்டது வேறு.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் பாக்கியம் இருந்தாள். சூசையின் மனைவி. என்னைவிடப் பத்து வயது இளையவள். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் கைகால் வீங்கிச் செத்தவர்களை அவள் சிறுவயதில் பார்த்திருக்கிறாள். அவள் தாயும் அப்படித்தான் போனாள். நல்ல சாப்பாடு இல்லாமல் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் அந்த வியாதிதான் எனக்கும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கொழுப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத் தோன்றும்? வேலிக்குள் கொழுக்க ஏது வழி?

ஒரு சாயங்காலம் என்னை உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். நீர் வீக்கமாயிருந்தால் குழி விழுந்து அப்படியே நிற்கும். எனக்குக் குழி நிற்கவில்லை.

"உள்வீக்கம்க்கா இது. வெளிய தெரியாது," என்றாள். "எங்கம்மாவுக்கும் மொதல்ல இப்பிடித்தான். நீ மூடி மறைக்காத."

மறுநாளிலிருந்து பச்சைப்பயற்றுக் கஞ்சி கொண்டுவந்தாள். அந்த வீக்கத்துக்குப் பயறுதான் மருந்து என்று எல்லோரும் சொல்வார்கள். பங்கீட்டில் அவர்கள் வீட்டுக்குக் கிடைத்த பயறு. அப்போது அவளுக்கு நான்காம் மாதம். வேண்டாம் புள்ள, நீ குடி என்றேன். "எனக்கென்ன, நான் தெம்பாத்தான் இருக்கேன். பரவால்ல லா, குடிக்கா," என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காலையில் ஒரு டின் சோறு தின்ற வயிற்றில் அந்தக் கஞ்சியையும் ஊற்றிக்கொண்டேன்.

விதவை பருத்தால் ஊருக்கு வேறு சந்தேகமும் வரும். அப்படி வாய் திறந்த ஒருத்தியைக் குழாயடியில் வைத்து ஏசி அடக்கியவளும் பாக்கியம்தான்.

இப்போது அந்தக் காலைக்கு வர வேண்டும். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது இதைத் தள்ளிப்போடத்தான்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. அன்று அகப்பட்டது மிகக் குறைவு. டின்னின் அடியில் ஒரு கிழங்குத் துண்டு மட்டும் கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம் பொங்கிக்கொண்டிருந்தது. ஆம், பெண்கள் சட்டத்தை மதித்து நடந்ததில் எனக்கு ஆத்திரம்! கடைசியாகப் பாக்கியம் உள்ளே வந்தாள். தொடுவதற்கு முன்பே வறுத்த பயற்றின் வாசனை வந்துவிட்டது.

கைலி முடிச்சுக்கு உள்ளே, வயிற்றுக்குக் கீழே, துணியில் சுற்றிய இரண்டு உருண்டைகள். பயற்றை வறுத்து இடித்துச் சீனி சேர்த்துப் பிடித்தது. என் கை அதன்மேல் நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒன்னு மட்டும் விட்டுடுக்கா. பத்து மணியானா கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

விட்டிருக்கலாம். விட்டும் இருக்கிறேன். எங்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி மடியில் எது இருந்தாலும் என் கை அதைத் தாண்டிப் போய்விடும், அது பயம். காய்ச்சல்காரி ஒருத்தியின் ரொட்டியை ஒருமுறை பார்க்காததுபோல் விட்டேன். வெளியே போலீஸ்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரிந்திருக்காது.

"சட்டம் புள்ள. என் வேல போயிரும்," என்றேன்.

அந்தக் குரலை இன்றும் கேட்கிறேன். எவ்வளவு நியாயமான குரல்! உங்களுக்கே என்மேல் இரக்கம் வந்திருக்கும். முடிச்சை அவளே அவிழ்த்து என் கையில் வைத்தாள். "சரிக்கா," என்று வாளிகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் ரப்பர் நிரைகளுக்குள் மறையக்கூட இல்லை. கீற்று இடுக்கு வழியாக அவள் முதுகு எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டு உருண்டைகளும் என் வாயில் இருந்தன.

பத்தரை மணிக்கு ஆள் ஓடிவந்தது. பாக்கியம் சரிவில் மயங்கி விழுந்துவிட்டாள். பால் ஏற்றும் லோரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நான்தான் வாசலைத் திறந்துவிட்டேன். குழந்தை தங்கவில்லை. ஆண் குழந்தை என்றார்கள். மழை ஈரத்தில் சறுக்கியிருப்பாள் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சொன்னார். இருக்கலாம். ஒரு உருண்டை தின்றிருந்தால் விழுந்திருக்க மாட்டாளா? தெரியாது. தின்றிருந்தாலும் விழுந்திருப்பாளோ? அதுவும் தெரியாது. இந்த இரண்டு தெரியாதுகளுக்கும் நடுவில் நான் உழன்றுகொண்டிருக்கிறேன்.

நான்காம் நாள் அவளைப் பார்க்கப் போனேன். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் அவளே முந்திக்கொண்டாள்.

"நீ மனசுல எதும் வச்சிக்காதக்கா. நீ என்ன பண்ணுவ? சட்டம் அப்பிடி. ஒளிச்சி எடுத்துட்டு வந்தது என் தப்புதான்."

மன்னித்துவிட்டாள், பாருங்கள். நான் செய்யாத குற்றத்துக்கு என்னை மன்னித்துவிட்டாள். செய்த குற்றம் அவளுக்குத் தெரியவே தெரியாது. அழுதேன். அவள் என் தலையைத் தடவினாள்.

அன்றோடு தின்பதை நிறுத்தினேன் என்று சொல்லத்தான் ஆசை. நிறுத்தவில்லை. அடுத்த இரண்டு வாரம் முன்னைவிட வெறியாகத் தின்றேன். பிறகு ஒரு காலை, மடியிலிருந்த டின்னை அப்படியே கீழே வைத்தேன். எழுந்து நேரே கிராணியிடம் போய், மரம் வெட்டவே போகிறேன் என்றேன். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். "நிழலிலை இருந்து செய்யிற வேலையை ஆரும் விடுவினமே பிள்ளை?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். முழங்கால் வலிக்கிறது, நடந்தால் சரியாகும் என்று ஏதோ உளறினேன்.

வேறொருத்தி என் இடத்துக்கு வந்தாள். அவள் கை என் மடியைத் தடவியபோது, அந்தக் கீற்று மறைப்புக்குள் நான் கல்லாக நின்றேன்.

தேறுவது என்பது பெரிய காரியம்போலப் பேசுகிறார்கள். எனக்கு அது சலிப்பாகவே இருந்தது. மூச்சிரைக்க மரத்துக்கு மரம் நடந்தேன். உடம்பு உடனே இறங்கிவிடவில்லை. இறங்கியபோது கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கியது. வீட்டில் தனியாகச் சட்டியைத் திறந்தால் அடிவரை வழித்தேன். நான்கு நாள் ஒழுங்காக இருப்பேன். ஐந்தாம் நாள் வாரத்துக்கு அளந்த அரிசியில் பாதியை ஒரே வேளையில் வடித்துத் தின்றுவிட்டு, மிச்ச நாளெல்லாம் கஞ்சித் தண்ணீரோடு கிடப்பேன். இப்படி எத்தனை முறை! கடைசியில் ஒன்றே ஒன்றுதான் பலித்தது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் அளவோடு சாப்பிட முடிந்தது.

அந்த யாராவது, பாக்கியம். என் அரிசியை அவள் வீட்டில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். தனியாகச் சமைக்க முடியவில்லை என்று பொய் சொன்னேன். அவள் எதிரில் இரண்டாம் தடவை கேட்க எனக்கு வாய் வராது. அப்படியே ஒரு வருடம் போனது. என் உடம்பு பழைய உடம்பானது. நான் பிழைத்ததும் அவள் தட்டருகில்தான்!

"பாத்தியாக்கா, வீக்கம் வடிஞ்சிருச்சி," என்றாள் ஒருநாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "பயறு வீண் போகல."

நான் தலையாட்டினேன்.

மாதம் ஒருமுறை பட்டணத்திலிருந்து சாமியார் வருவார். ஒரு தடவை முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். போசனப்பிரியம், அளவுக்கு மீறித் தின்ற பாவம் என்று சொன்னேன். எத்தனை முறை என்று கேட்டார். பல முறை என்றேன். மேலே ஏதாவது உண்டா மகளே என்றார். இல்லை சாமி என்றேன். மூன்று செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் மன்னித்தது எதை என்று அவருக்குத் தெரியாது; எனக்குத் தெரியும்.

இப்போது எங்கள் பக்கத்தில் கெடுபிடி தளர்ந்துவிட்டது. வேலி இருக்கிறது, சோதனை இல்லை. பெண்கள் தூக்குச்சட்டியை வெளிப்படையாக ஆட்டிக்கொண்டு போகிறார்கள். பத்து மணிக்கு மரத்தடியில் எல்லோரும் பசியாறும்போது நான் சற்றுத் தள்ளி உட்கார்கிறேன். இன்னும் எனக்குப் பயம்தான்... என் வாயைக் கண்டு எனக்கே பயம்.

போன மாதம் பாக்கியத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. நேற்று மாலை கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். நீதான்க்கா ஞானத்தாயா நிக்கணும். அவருகிட்டயும் சொல்லிட்டேன். எனக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். வாயைத் திறக்கவும் செய்தேன். குழந்தை என் விரலைப் பிடித்திழுத்துச் சப்பத் தொடங்கியது. பாக்கியம் சிரித்தாள்.

சரி புள்ள, நிற்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு பீடத்தின் முன்னால் நிற்பேன். பசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்பார். குழந்தைக்குப் பேச்சு வராது. ஞானத்தாய்தான் பதில் சொல்ல வேண்டும். விட்டுவிடுகிறேன் என்று உரக்கச் சொல்லுவேன். பக்கத்தில் நின்று பாக்கியம் அதை நம்புவாள்.